கிளிகோரின் தண்ணீர்

கிளிகோர் செத்த பிறகுதான் அவருடைய கிணற்றுத் தண்ணீர் லியோன்டினாவின் வாசலுக்கு வரத் தொடங்கியது.

அவர் உயிரோடு இருந்தவரை அந்தத் தண்ணீரோடு அவளுக்குச் சண்டை. இப்போது ஒவ்வொரு விடியலிலும், பனிமூட்டம் வேலிகளை விட்டு எழாத நேரத்தில், அவருடைய மகள் ஸ்மராந்தா மண்குடத்தைத் தோளில் வைத்துக்கொண்டு வெளிக்கதவருகே வந்து நிற்பாள். குடத்தின் கழுத்தில் சிவப்பு நூல். வாயில் காய்ந்த திருநீற்றுப்பச்சைக் கொத்து.

சொக்கேனியில் யாராவது இறந்தால் நாற்பது நாள் இப்படித்தான். செத்தவருக்கு அந்த உலகத்தில் தாகமெடுக்கும். இங்கிருப்பவர்கள் அவருடைய கிணற்றுத் தண்ணீரை வாங்கிக் குடித்தால் அதே தண்ணீர் அங்கே அவருக்குப் போய்ச் சேரும். வாங்க மாட்டேன் என்று இந்த ஊரில் இதுவரை ஒருவரும் சொன்னதில்லை.

"அப்பாவுக்காக," என்பாள் ஸ்மராந்தா.

"போய்ச் சேரட்டும்," என்று லியோன்டினா கூஜாவை நீட்டுவாள்.

ஒரு வாய் குடிக்க வேண்டும். அவள் உதட்டை மட்டும் நனைத்துக்கொண்டு தலையாட்டுவாள். ஸ்மராந்தா அடுத்த வீட்டுப் பக்கம் திரும்பியதும், லியோன்டினா அவளுடைய கறுப்புத் தலைத்துணியைப் பனிமூட்டம் முழுதாக விழுங்கும்வரை காத்திருந்து, கூஜாவைக் கொண்டுபோய் முற்றத்துப் பிளம் மரத்தடியில் கவிழ்ப்பாள். யாரும் பார்க்கவில்லை என்றுதான் நினைத்திருந்தாள்.

உள்ளே தொட்டிலில் இலிங்கா தூங்கிக்கொண்டிருப்பாள். பிறந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. பிரசவத்துக்குப் பின் வந்த காய்ச்சலில் லியோன்டினாவுக்குப் பால் வற்றிவிட்டது. குழந்தைக்குப் புட்டிப்பால். பால்மாவு கரைக்கிற தண்ணீர் டவுனிலிருந்து பாட்டில்களில் வந்து அடுக்களை மூலையில் அடுக்கியிருக்கும். ஊர்க் கிணறு எதிலிருந்தும் ஒரு சொட்டுகூட அந்தப் புட்டிக்குள் போகக்கூடாது. ஏன் என்பது சொக்கேனியில் அவளைவிட நன்றாக யாருக்கும் தெரியாது. கிணறுகளில் எச்சரிக்கைப் பலகை மாட்டியவளே அவள்தான்.

ஊராட்சி அலுவலகத்தில் அவளுக்குக் கொடுத்திருந்த வேலை அது. சொக்கேனியில் மாட்டுச்சாணமும் குதிரைச்சாணமும் வீட்டு முற்றங்களில்தான் குவிந்துகிடக்கும். மழையும் உருகும் பனியும் அதைக் கரைத்து மண்ணுக்குள் இறக்கும். இறங்கியது நைட்ரேட்டாகிக் கிணற்றில் ஊறும். நிறமில்லை, வாடையில்லை, ருசியில்லை. பெரியவர்களை அது ஒன்றும் செய்வதாகத் தெரியாது. கைக்குழந்தையின் ரத்தத்துக்குள் போனால் மட்டும் வேறு முகம் காட்டும்: பிள்ளை மூச்சு முட்டி நீலமாகிப் போகும்.

அதனால் ஐரோப்பிய ஒன்றியத்தில் ஒரு சட்டம். அது பிரஸ்ஸல்ஸிலிருந்து புக்கரெஸ்ட் வந்து, அங்கிருந்து மாவட்டம் வந்து, கடைசியில் லியோன்டினாவின் ரப்பர் பூட்ஸுக்குள் வந்து நின்றது. லிட்டருக்கு ஐம்பது மில்லிகிராமுக்கு மேல் நைட்ரேட் இருக்கக் கூடாது. உறைந்த வயலில் சாணம் இறைக்கக் கூடாது. கிணற்றருகே குவிக்கக் கூடாது. கல்லறைத் தோட்டத்துக்கு அந்தப் பக்கம், கீழே எதுவும் கசியாதபடி ஒரு பெரிய கான்கிரீட் மேடை கட்டியாயிற்று. எல்லோரும் அங்கே கொண்டுபோய்க் கொட்ட வேண்டும். வீடு வீடாகப் போய் இதைச் சொல்லிச் சொல்லி அவளுக்கு ஒரு பட்டப்பெயரும் கிடைத்திருந்தது: பிரஸ்ஸல்ஸ் மருமகள்.

வைத்தவர் கிளிகோர்.

போன இலையுதிர்காலத்தில் அவள் நிறைவயிற்றோடு அவர் முற்றத்துக்குப் போனபோது அவர் கிணற்றுச் சுவரில் உட்கார்ந்து அக்ரூட் உடைத்துக்கொண்டிருந்தார். பருப்பு வாய்க்குள், ஓடு பின்னாலிருந்த குவியலுக்குள். திரும்பிப் பார்க்காமலே வீசுவார். வருஷக்கணக்காக வீசிய ஓடுகளால் அந்தக் குவியல் முழுதும் செதில் செதிலாக இருக்கும்.

"வா, பிரஸ்ஸல்ஸ் மருமகளே. உன் மாமியார் வீட்டுல எல்லாரும் சுகமா?"

"நாஷு, இது மூணாவது தடவை. இந்தக் குவியலை எடுங்க. கிணத்துக்கும் இதுக்கும் நடுவுல ஒரு கோழி படுக்க இடமில்ல."

நாஷு என்றுதான் அவளும் அவள் கணவன் டோரினும் அவரைக் கூப்பிடுவார்கள். அவர்கள் கல்யாணத்தில் தலைக்குமேல் மெழுகுவர்த்தி பிடித்து நின்ற ஞானத்தகப்பன் அவர்.

"கோழி படுக்குதே. அதோ பாரு."

"சிரிக்காதீங்க. உங்க தண்ணியில அளவைப் போல ரெண்டு மடங்குக்கு மேல இருக்கு."

"எங்கப்பன் தோண்டின கிணறு இது. அவர் குடிச்சார், பல்லு விழுந்து கிழவனாகித்தான் செத்தார். உன் புருஷன் பள்ளிக்கூடம் விட்டா வீட்டுக்குப் போக மாட்டான், இந்த ராட்டினத்துலதான் தொங்குவான். எவன் நீலமா போனான், சொல்லு?"

"பெரியவங்களுக்கு ஒண்ணும் தெரியாது. கைக்குழந்தைக்குத்தான் ஆகாது."

அவர் அவளுடைய வயிற்றைப் பார்த்தார். ஒரு கணம் கை நின்றது. பிறகு அடுத்த அக்ரூட்டை எடுத்தார். "அப்ப உன் பிள்ளை இங்க குடிக்க வேண்டாம். வளரட்டும். வந்தா பிளம் சாராயம் தரேன்."

"நாஷு!"

"சரிடியம்மா. அந்த மேடை எங்க இருக்கு? கல்லறைத் தோட்டத்துக்கு அந்தப் பக்கம்தானே? நான் எப்படியும் அந்த வழியாத்தான் போகணும். போகும்போது நானே எடுத்துட்டுப் போறேன். ரெண்டு தடவை எதுக்கு அலையணும்?"

தன் நகைச்சுவைக்குத் தானே உரக்கச் சிரித்தார். அவள் ராட்டினத்தில் பலகையை மாட்டிவிட்டு வந்தாள்: இந்தத் தண்ணீரைக் குழந்தைகளுக்குக் கொடுக்காதீர். மறுநாள் அந்தப் பலகை அவருடைய கோழிக்கூண்டுக்குக் கதவாகியிருந்தது. எழுத்து வெளியே தெரியும்படிதான் வைத்திருந்தார்.

பிப்ரவரிக் கடைசியில், வாளியை இறைத்துச் சுவரில் வைத்த கையோடு அப்படியே சாய்ந்து இறந்துபோனார். குதிரையை முன்பே விற்றுவிட்டதால் சவப்பெட்டி டிராக்டரில் போயிற்று. அவருடைய வண்டி கொட்டகையில் ஏர்க்காலைத் தரையில் ஊன்றியபடி நின்றது. குவியல் இருந்த இடத்திலேயே இருந்தது.

முதல் வாரத்தில் எதுவும் வித்தியாசமாக இல்லை. பிறகு ஒரு சாயங்காலம், குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டு ஜன்னலருகே நின்றபோது, லியோன்டினா ஒரு வண்டிச் சத்தத்தைக் கேட்டாள். இடது சக்கரம் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு தடவை கத்தியது, பன்றிக்குட்டி கத்துவதைப் போல. அவளுடைய கல்யாணத்தன்று கோயிலுக்குப் போனது கிளிகோரின் வண்டியில், அந்தச் சக்கரத்தில்தான். வழி முழுக்க அது கத்தியதில் வாசிப்பவர்கள் பிடிலை இறக்கி வைத்துவிட்டுச் சிரித்தார்கள்.

சத்தம் வீட்டைக் கடந்து கல்லறைத் தோட்டத்துப் பக்கம் போயிற்று. மெதுவாக, பாரம் ஏற்றிய வண்டி போகிற மாதிரி. அவள் வெளியே வந்து பார்த்தாள். தெருவில் அந்தி வெளிச்சம் மட்டும் இருந்தது. எதிர்வீட்டு நாய் வாலைக் கால்களுக்கிடையில் செருகிக்கொண்டு, எதையோ போகவிட்ட மாதிரி, வேலியோரம் ஒதுங்கி நின்றது.

மறுநாளும் கேட்டது. அடுத்த நாளும். டோரினிடம் அவள் சொல்லவில்லை. பிள்ளை பெற்றவளுக்குத் தூக்கமில்லை, காதுக்குள் சத்தம் என்பான்.

மார்ச் நடுவில் பிளம் மரம் அவளைக் காட்டிக்கொடுத்தது.

ஊரில் எந்த மரமும் இன்னும் மொட்டே விடவில்லை. அவளுடைய பிளம் மட்டும் ஒரே வாரத்தில் இலைவிட்டுத் தழைத்தது. அதுவும் வசந்தகாலத்து இளம்பச்சை இல்லை. கறுப்பு கலந்த, எண்ணெய் தேய்த்தாற்போன்ற பச்சை. அடியில் வட்டமாகப் புல், முழங்கால் உயரத்துக்கு. அந்த வட்டத்துக்கு வெளியே தரை இன்னும் குளிரில் சாம்பலாகக் கிடந்தது. ஒவ்வொரு இலையும் நன்றாகத் தின்று வளர்ந்த பிராணி மாதிரி இருந்தது.

அன்று விடியலில் ஸ்மராந்தா குடத்தைச் சாய்க்கவில்லை. மரத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"கொட்டுறியா?"

லியோன்டினா கூஜாவை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனாள்.

"உன்னைத்தாண்டி கேக்கிறேன். ஒரே பெஞ்சுல உக்காந்து படிச்சோம். எங்கப்பா தண்ணிய மரத்துக்கா கொட்டுற?"

"வீட்ல பச்சப்புள்ள இருக்கு, ஸ்மராந்தா. உனக்கே தெரியும், அந்தக் கிணறு..."

"உன் புள்ளைக்கு ஊத்துன்னு யாரு சொன்னா? நீ குடிச்சா ஆகாதா? ஒரு வாய்?" அவள் குரல் தழைந்தது. இத்தாலியில் பெரியவர்களைப் பார்த்துக்கொள்கிற வேலையை விட்டுவிட்டு, அப்பாவுக்குத் தண்ணீர் சுமக்க என்றே வந்தவள் அவள். "அம்மா தினமும் அவரைக் கனவுல பாக்கிறா. முற்றத்துல நிக்கிறாராம். கையில பாத்திரம் இருக்காம். குடிச்சிக்கிட்டே இருக்காராம், தாகம் அடங்கலையாம். உதடெல்லாம் நீலமா இருக்குதாம், டினா. எதுக்கு நீலம்னு அம்மா என்கிட்ட கேக்கிறா. நான் என்ன சொல்ல?"

லியோன்டினா கூஜாவைத் தரையில் வைத்தாள். என்ன சொல்வது? நாம் எதைச் சுமந்துபோய் ஊற்றுகிறோமோ அதைத்தான் அவர் அங்கே குடிக்கிறார் என்றா?

பின்னால் கதவு கிறீச்சிட்டது. டோரின் சட்டை பொத்தான்கூடப் போடாமல் படியில் நின்றிருந்தான். எல்லாவற்றையும் கேட்டிருந்தான்.

"நாஷு தண்ணியக் கொட்டினியா?" என்று மட்டும் கேட்டான். தகப்பனை இளமையிலேயே இழந்தவனுக்கு அந்த ராட்டினம்தான் தகப்பன் வீடு. அன்று முழுக்க அவளோடு பேசவில்லை.

மறுநாளிலிருந்து விடியலில் அவனே எழுந்தான்.

"நீ படு. ராத்திரி முழுக்க முழிச்சிருக்க. தண்ணிய நான் வாங்கிக்கிறேன், முதல் புட்டியும் நானே கொடுக்கிறேன்."

"தண்ணி..."

"நான் குடிக்கிறேன். எனக்கு ஆகும்ல? பிரஸ்ஸல்ஸ்ல கேட்டுச் சொல்லு."

அவன் சிரித்ததும் அவளுக்கு மனம் லேசானது. பல வாரங்களுக்குப் பிறகு விடியலில் தூங்கினாள்.

தூங்கி எழுந்த தெம்பில் ஒரு மத்தியானம் வெளியே போனாள். கிளிகோர் வீட்டு வேலியோரம் போனபோது கால் நின்றது. குவியல் பாதியாகியிருந்தது. அகப்பையால் அள்ளியது போல ஒரு பக்கம் வழித்து எடுத்திருந்தது.

கோழிக்குத் தீனி போட்டுக்கொண்டிருந்த சவினா, கிளிகோரின் மனைவி, அவர்களுடைய ஞானத்தாய், நிமிர்ந்தாள்.

"உங்க ஆபீஸ் ஆளுங்க நல்லா வேலை செய்றாங்க மகளே. எப்ப வர்றாங்க, எப்ப போறாங்கன்னே தெரியல."

"நாங்க யாரையும் அனுப்பலையே, நாஷா. நீங்க கூலிக்கு ஆள் வைக்கலையா?"

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கொட்டகையில் வண்டி அதே இடத்தில் ஏர்க்காலை ஊன்றி நின்றது. சக்கரங்களில் ஈரமண் ஒட்டியிருந்தது. சவினாவும் அதைப் பார்த்தாள். பார்த்துவிட்டுக் கோழிகளை அதட்டத் தொடங்கினாள்.

லியோன்டினா கல்லறைத் தோட்டத்தைக் கடந்து மேடைவரை நடந்தாள். குளிர்காலம் முழுக்கக் காலியாகக் கிடந்த மூன்றாவது தடுப்பில் ஒரு குவியல் ஆவி விட்டுக்கொண்டிருந்தது. ஒரு குச்சியால் கிளறினாள். சாணத்துக்குள்ளிருந்து அக்ரூட் ஓடுகள் கொத்துக் கொத்தாக உதிர்ந்தன.

குச்சியைப் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்தவள் கையை மூன்று தடவை கழுவினாள். பயம் என்று சொல்ல முடியவில்லை. அவர் சொன்னதைத்தான் செய்கிறார். சொன்னதைச் செய்கிற மனிதனைப் பார்த்து எதற்குப் பயப்பட வேண்டும்? ஆனாலும் அன்று சாயங்காலம் சக்கரம் கத்திக்கொண்டு போனபோது விளக்கைப் போடாமல், குழந்தையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, சுவரோரம் உட்கார்ந்திருந்தாள்.

குழந்தை அழவில்லை. இந்த இரண்டு மூன்று நாளாகவே அது அவ்வளவாக அழுவதில்லை. பெரியவளாகிறாள் என்று நினைத்துக்கொண்டாள்.

மறுநாள் விடியலில் அவளாகவே விழிப்பு வந்தது. வீடு மிகவும் அமைதியாக இருந்தது. தொட்டிலில் இலிங்கா கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஜன்னலில் வந்த வெளிச்சம் நீலமாக இருந்ததால் முதலில் அவளுக்குப் புரியவில்லை. விளக்கைப் போட்டாள். வெளிச்சம் மஞ்சளானது. குழந்தையின் உதடு மஞ்சளாகவில்லை.

உதடு, நகங்கள், கண்ணுக்குக் கீழே, எல்லாம் ஈயம் பூசிய மாதிரி. தோல் சூடாகத்தான் இருந்தது. மூச்சு மட்டும் வேகவேகமாக, மேலோட்டமாக.

உதடெல்லாம் நீலமா இருக்குதாம், டினா.

ஒரு கணம், ஒரே ஒரு கணம், செத்தவர் தன் தாகத்துக்குப் பதிலாக இதை எடுத்துக்கொள்கிறார் என்று நினைத்தாள். அவருடைய தண்ணீரை அத்தனை நாள் மரத்துக்குக் கொட்டியவள் அல்லவா? பிறகு அடுக்களையிலிருந்து ஆவி சீறுகிற சத்தம் கேட்டது.

டோரின் அடுப்பு முன் நின்றிருந்தான். சின்னப் பாத்திரத்தில் தண்ணீர் தளதளத்துக்கொண்டிருந்தது. பாதிக்கு மேல் வற்றி, ஓரங்களில் வெள்ளைப் படலம் வளையம் வளையமாகப் படிந்திருந்தது. பக்கத்தில் ஸ்மராந்தாவிடம் தண்ணீர் வாங்குகிற கூஜா, சுத்தமான துணியால் மூடி. அந்தப் பக்கம் புட்டி.

"டோரின். அது எந்தத் தண்ணி?"

அவன் திரும்பினான். அவள் கையிலிருந்த குழந்தையின் முகத்தைப் பார்த்தான்.

"எந்தத் தண்ணிடா?"

"வீட்ல இருக்கிற எல்லாரும் குடிக்கணும்னு ஊர்ல பெரியவங்க சொன்னாங்க..." அவன் வாய் குழறியது. "நாஷுவுக்கு தாகம் அடங்கலைன்னாங்க. இந்த வீட்டுப் பங்கு போகலைன்னு... நான் கொதிக்க வெச்சுத்தான் டினா கொடுத்தேன். சும்மா கொடுக்கல. நல்லா, ரொம்ப நேரம் கொதிக்க வெச்சேன். பயந்துக்கிட்டு இன்னும் கொஞ்ச நேரம் வெச்சேன். சாமி சத்தியமா."

"கொதிச்சா கிருமிதான் சாகும். இது சாகாது. தண்ணி ஆவியாப் போகும், இது மட்டும் கீழே தங்கும். நீ கொதிக்க வெக்க வெக்க இது கெட்டியாகும்." சொல்லச் சொல்ல அவள் குரல் அவளுக்கே அந்நியமாகக் கேட்டது. ஊரெல்லாம் வீடு வீடாக ஏறி இதைச் சொல்லியிருக்கிறாள். தன் வீட்டில் சொன்னதில்லை. தன் வீட்டில் எதற்குச் சொல்ல வேண்டும் என்று இருந்துவிட்டாள். "காரை எடு."

கிரயோவா நகரத்து ஆஸ்பத்திரிக்குப் போகிற சாலை கல்லறைத் தோட்டத்தை ஒட்டித்தான் போகும். பனிமூட்டம் கண்ணாடிமேல் பஞ்சு மாதிரி அப்பிக்கொண்டது. டோரின் ஸ்டியரிங்கின்மேல் கவிழ்ந்து ஓட்டினான். லியோன்டினா பின்னால் உட்கார்ந்து குழந்தையின் மார்பில் கை வைத்து மூச்சை எண்ணிக்கொண்டு வந்தாள்.

திருப்பத்தில் முன்னால் ஒரு வண்டி போய்க்கொண்டிருந்தது.

குதிரை இருந்ததா என்று பிற்பாடு அவளால் சொல்ல முடியவில்லை. பாரம் தெரிந்தது. அதிலிருந்து எழும் ஆவி தெரிந்தது. பக்கத்தில் ஒருவர், பழைய ஆட்டுத்தோல் தொப்பியோடு, கையை வண்டியின் ஓரத்தில் வைத்து நடந்துகொண்டிருந்தார். சாலை குறுகலானது, தாண்ட இடமில்லை. டோரின் ஹாரனில் கை வைத்தான். அடிக்கவில்லை.

"நாஷு," என்றான், மெதுவாக. "வழி விடுங்க நாஷு. புள்ளைக்கு முடியல."

சக்கரம் ஒரு தடவை கத்தியது. வண்டி வலப்பக்கம் சாய்ந்து, பள்ளத்து ஓரமாக இறங்கி நின்றது. அந்த ஆள் திரும்பவில்லை. கார் தாண்டியபோது தொப்பியைக் கழற்றி மார்பில் வைத்துக்கொண்டு, முகத்தை வயல் பக்கம் திருப்பியபடியே நின்றார். கல்லறைக்குப் பெட்டி போகும்போது ஊரில் ஆண்கள் அப்படித்தான் நிற்பார்கள்.

"இல்ல," என்றாள் லியோன்டினா, யாரிடம் என்று தெரியாமல். "அதெல்லாம் இல்ல. போடுங்க தொப்பிய."

ஆஸ்பத்திரியில் அவள் இரண்டே வார்த்தை சொன்னாள்: கிணறு, நைட்ரேட். டாக்டரம்மா அதற்குமேல் எதுவும் கேட்கவில்லை. ஊசியில் எடுத்த ரத்தம் சிவப்பாக இல்லை. சாக்லேட் கரைத்த மாதிரி இருந்தது. "இது ஏறினா ரத்தத்துக்கு மூச்சைச் சுமக்கத் தெரியாமப் போயிடும். மருந்து இருக்கு, பயப்படாதீங்க," என்றாள். மருந்துப் புட்டியைத் தூக்கிக் காட்டினாள். மையைப் போல அடர்ந்த நீலம். நீலமாகிப் போகிற குழந்தைக்குள் நீலத்தையே ஏற்றினார்கள்.

பிறகு காத்திருந்தார்கள். டோரின் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான். அவள் குழந்தையின் சுண்டுவிரல் நகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதில் ஓரத்திலிருந்து ஒரு ரோஜா நிறம், வெட்கப்படுகிற மாதிரி, உள்ளே நகர்ந்தது. அப்புறம் உதட்டுக்கு வந்தது. அப்புறம் இலிங்கா வாயைத் திறந்து அந்த வார்டே அதிரும்படி அழுதாள்.

டோரின் தரையில் உட்கார்ந்துவிட்டான்.

அவர்கள் ஊர் திரும்பியபோது நாற்பதாவது நாள் நெருங்கியிருந்தது. செய்தி முன்பே போய்ச் சேர்ந்திருந்தது. சவினா வாசலில் உட்கார்ந்திருந்தாள், தலைத்துணியை அவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டு. குழந்தையைத் தொட நீட்டிய கையை அவளே பாதியில் இழுத்துக்கொண்டாள்.

"எங்க தண்ணியா மகளே?"

"கொடுத்தது நாங்க, நாஷா."

"தண்ணி எங்களுது." மடியிலிருந்த தலைத்துணியை மடித்து, பிரித்தாள். "நாளன்னிக்கு ஆத்துல கடைசிக் குடம் விடணும். அதோட அவருக்குத் தண்ணி சுமக்கிறது முடிஞ்சுது. எதை விடுறோமோ அதான் அவருக்கு அங்க எப்பவும். பாதிரியார் சொல்றார், சொந்தக் கிணத்துத் தண்ணிதான் விடணுமாம். நாப்பது நாளா அந்த மனுஷன் நீல உதட்டோட நிக்கிறார். என்ன செய்ய, சொல்லு. நீதானே அதுக்குப் படிச்சவ."

"எனக்குச் செத்தவங்க சட்டம் தெரியாது, நாஷா," என்றாள் லியோன்டினா. "உயிரோட இருக்கிறவங்களுக்கு எது ஆகும்னுதான் தெரியும். காட்டுக்கு மேல, பாறை இடுக்குல வர்ற ஊத்துல நான் வருஷா வருஷம் எடுத்துப் பாத்திருக்கேன். மேல வயலே இல்ல, யாரும் எதையும் போடல. அதைத்தான் என் புள்ளைக்குக் கொடுப்பேன்."

சவினா எழுந்து தலைத்துணியைக் கட்டிக்கொண்டாள். "பாதிரியார் என்ன, அவரா குடிக்கப் போறார்?"

கடைசிக் குடம் காட்டு ஊற்றிலிருந்து வந்தது. ஸ்மராந்தாவும் லியோன்டினாவும் மாறி மாறிச் சுமந்தார்கள். ஆற்றில் மெழுகுவர்த்தி ஏற்றிய சுரைக்குடுக்கையை விட்டு, பக்கத்தில் தண்ணீரைச் சாய்த்தபோது, குடுக்கை சற்று நேரம் சுழன்று நின்றது. பிறகு யாரோ கயிற்றைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகிற மாதிரி நேராகப் போயிற்று. அன்றிரவு சவினாவின் கனவில் யாரும் வரவில்லை. கோழிக்கூண்டின் பலகையைக் கழற்றிக் கிணற்று ராட்டினத்தில் அவளே ஆணியடித்தாள்.

குவியல் அதற்குள் முழுதும் போயிருந்தது. எங்கே இருந்ததோ அங்கே வெளிறிய, சதுரமான தரை.

வசந்தம் வந்து ஊரின் மற்ற மரங்களும் பூத்த பிறகு, லியோன்டினா அந்தக் கிணற்றில் மறுபடி தண்ணீர் எடுத்துச் சோதனைக்கு அனுப்பினாள். நைட்ரேட் அளவு குறையவில்லை. கொஞ்சம் கூடியே இருந்தது. அவளுக்கு ஆச்சரியமில்லை. மேலே இருப்பதை ஒரு வாரத்தில் எடுத்துவிடலாம். கிளிகோரின் தகப்பன் காலத்திலிருந்து மண்ணுக்குள் இறங்கியது இன்னும் வழியில் இருக்கிறது, சொட்டுச் சொட்டாக வந்துகொண்டிருக்கிறது. இலிங்கா பள்ளிக்கூடம் போய் முடித்தும் அது வந்துகொண்டிருக்கும்.

சவினாவிடம் இதைச் சொல்லத்தான் அன்று சாயங்காலம் போனாள். இலிங்கா இடுப்பில் இருந்தாள், கன்னம் சிவக்க, கையில் கிடைத்ததையெல்லாம் வாய்க்குள் திணித்துக்கொண்டு. சவினா கேட்டுக்கொண்டாள். ஆச்சரியப்படவில்லை.

"அவருக்கும் தெரியும்போல," என்றாள். "வந்து பாரு."

குவியல் இருந்த சதுரம் இப்போது சதுரம் இல்லை. பள்ளம். ஓரங்கள் மண்வெட்டியால் செதுக்கிய மாதிரி செங்குத்தாக, முழங்கால் ஆழத்துக்கு. அடியில் மண் ஈரமாகக் கறுத்துக் கிடந்தது.

"தினமும் கொஞ்சம் இறங்குது," என்றாள் சவினா. "காலையில பாத்தா நேத்தைவிட ஆழமா இருக்கு. அந்த மனுஷன் எதையும் அரைகுறையா விட மாட்டார், தொடங்க வைக்கிறதுதான் பாடு."

லியோன்டினா பள்ளத்தின் விளிம்பில் நின்றாள். கிணறு எவ்வளவு ஆழம் என்று அவளுக்குத் தெரியும். எத்தனை வருஷம் ஆகும் என்று கணக்குப் போடத் தொடங்கி, நிறுத்திக்கொண்டாள். மறுநாள் காட்டு ஊற்றுக்குப் போகும்போது தனக்கு ஒன்று, அவருக்கு ஒன்று என்று இரண்டு குடம் எடுத்துப்போக வேண்டும். இவ்வளவு தோண்டுகிறவருக்குத் தாகம் எடுக்காமலா இருக்கும்?

கொட்டகைக்குள் இருட்டத் தொடங்கியிருந்தது. உள்ளே, யாரோ ஏர்க்காலைத் தரையிலிருந்து தூக்குகிற சத்தம் கேட்டது. இலிங்கா வாயிலிருந்து விரலை எடுத்துவிட்டு, அந்தப் பக்கம் பார்த்துச் சிரித்தாள்.

லியோன்டினா அவளை இறுக்கிக்கொண்டு, வண்டி போக வழிவிட்டு, வேலியோரம் ஒதுங்கி நின்றாள்.